ஆன்ம நிறைவை அளந்து விற்பவர்கள்

இயேசுவை ஏற்றுக்கொண்டால் கடன் தீரும், நோய் நீங்கும், வெளிநாட்டு விசா கிடைக்கும், காணாமற் போன பிள்ளை வீடு திரும்பும் என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுகிறவர்கள் கிறிஸ்தவத்தைப் பரப்பவில்லை, அதனைப் பொய்ப்பிக்கிறார்கள். இதை ஒரு சைவரோ முஸ்லிமோ சொன்னால் காழ்ப்பு என்று ஒதுக்கிவிடலாம். நானோ ஞானஸ்நானம் பெற்ற மெதடிஸ்தன். வாழ்நாளின் பெரும்பகுதியைச் செய்தித்தாள் மேசையில் கழித்தவன். ஆகவே வாசகர்கள் இதனை உள்வீட்டுச் சண்டையாகவே கொள்ளலாம். சண்டைதான், சமாதானமாக எழுதும் எண்ணம் எனக்கு இல்லை.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் களம் திருக்கோவில். புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கும் வாசகர்களுக்காக ஒரு சொல். கல்முனையிலிருந்து தெற்கே பொத்துவில் நோக்கிப் போகும் கரையோரத் தெருவில் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊருமாக மாறி மாறி வரும். அக்கரைப்பற்றைத் தாண்டினால் தம்பிலுவில், அதனையடுத்துத் திருக்கோவில். கடலைப் பார்த்தபடி சித்திரவேலாயுத சுவாமி கோயில் நிற்கிறது. ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தவர்கள் நெடுந்தூரத்திலிருந்தும் வந்து அந்தக் கடலில் தீர்த்தமாடுவார்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேர்தான். இந்த இரண்டு பேரைப் பற்றி ஊரில் எழும் பேச்சோ இருபது பேருக்குப் போதுமானது.

அந்தப் பேச்சில் நியாயமே இல்லை என்று நம்மவர்கள் சாதிப்பது எனக்கு உடன்பாடன்று. திருக்கோவிலின் பழைய கோயிலைப் போர்த்துக்கீசர் இடித்தனர் என்பது அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு. சிலுவை அக்கரைக்கு முதலில் வந்தது பீரங்கியின் துணையோடு என்ற நினைவு உள்ளவனிடம் போய், "நாங்கள் அன்பின் மார்க்கத்தார்" என்று தொடங்கினால் அவன் சிரிப்பான். பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். 1638இல் மட்டக்களப்புக் கோட்டை அவர்கள் கைக்கு மாறியது. அவர்கள் ஆட்சியில் அரச உத்தியோகத்துக்கும் பதவிக்கும் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. கரையோர மாகாணங்களில் ஆயிரக்கணக்கானோர் பெயர் பதிந்துகொண்டனர். 1796இல் ஆங்கிலேயர் வந்து, வேலைக்கு வேதம் தேவையில்லை என்று ஆனதும் அவர்களிற் பெரும்பாலோர் கோயிலுக்கே திரும்பிப் போயினர். ஒல்லாந்தர் கட்டிய பிரார்த்தனை மண்டபங்கள் ஆளின்றிப் பாழாயின. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலப் பதிவேடு சில ஆண்டுகளில் வெறும் கடதாசியாயிற்று.

இந்தக் கதையைச் சைவர்கள் நம்மைக் குத்திக்காட்டச் சொல்லுவார்கள். என் எண்ணத்தில் இது கிறிஸ்தவர்களே ஞாயிறுதோறும் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டிய கதை. பயன் கருதி வந்தவன் பயன் தீர்ந்ததும் போவான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வியாபாரம் என்று சொல்லித்தானே அழைத்தோம்!

இதற்கு நேர் எதிராக இன்னொருவர் வரலாறு இருக்கிறது. வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த ஊழியர் 1814ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த முதற் குழுவைச் சேர்ந்தவர். கப்பற் பயணத்திலேயே அவர் மனைவி இறந்தார். குழுவின் தலைவராயிருந்த தோமஸ் கோக்கும் அதே பயணத்தில் மாண்டு கடலில் அடக்கம் செய்யப்பட்டார். ஓல்ட் தனியாளாக மட்டக்களப்புக்கு வந்து, பாடசாலைகளைத் தொடங்கி, எட்டு மாதமளவில், 1815 ஏப்ரலில், தாமும் இறந்துபோனார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தோற்றத்தை அந்த 1814இலிருந்தே கணக்கிடுகிறது. இன்றைய 'ஆசீர்வாதப்' பிரசங்கியார் ஒருவரிடம் ஓல்டின் வாழ்க்கையைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னால் என்ன போடுவார்? மனைவி போயிற்று, தலைவர் போயிற்று, உடல் நலம் போயிற்று, ஆண்டு ஒன்று நிறையுமுன் உயிரும் போயிற்று. விசுவாசக் குறைவு என்றுதானே தீர்ப்பெழுதுவார்?

இந்தச் செழிப்புப் போதனை வேதாகமத்தில் முளைத்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில், கூடாரக் கூட்டங்களிலும் தொலைக்காட்சியிலும் வளர்ந்த சரக்கு. காணிக்கையை 'விதை' என்று பெயரிட்டு, விதைத்தவன் அறுவடைக்குக் காத்திருக்கலாம் என்று ஒரல் ரொபேட்ஸ் போன்றோர் கற்பித்தார்கள். அது சென்னை வழியாகச் சற்றே தமிழ் வேடங் கட்டிக்கொண்டு செய்மதித் தொலைக்காட்சியில் ஏறி, இன்று ரொறன்ரோவின் தமிழ்ச் சபையிலும் ஒலிக்கிறது, வினாயகபுரத்தின் தகரக் கொட்டிலிலும் ஒலிக்கிறது. ரொறன்ரோவில் அது வீட்டுக்கடனைப் பற்றிப் பேசும். அங்கே கேட்பவருக்குப் பெரிய கேடில்லை. வங்கிக் கணக்கில் சிறிது குறையும், அவ்வளவே. திருக்கோவிலில் அது பேசுவது வேறு விடயங்களைப் பற்றி. கோபம் வருவதும் அதனால்தான்.

அந்த மண்ணில் நடந்ததைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, சரணடைந்த பொலிஸாரை விடுதலைப் புலிகள் திருக்கோவிலை அண்டிய றூபஸ்குளம் காட்டுப் பகுதியில் கொன்றனர். அதன் பின் கரையோரத் தமிழ்க் கிராமங்களில் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 12ஆம் திகதி வீரமுனையில் அகதிகளாய்க் கோயிலில் தங்கியிருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் பிணங்கள். ஒவ்வொரு ஊருக்கும் அடுத்த ஊரின் மேல் ஒரு கணக்கு. பதினான்கு ஆண்டு கழித்து, 2004 டிசம்பர் 26ஆம் திகதி, கிறிஸ்மசுக்கு மறுநாளான ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் வந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு தொடங்கிக் கோமாரி, பொத்துவில் வரை, கடல் எந்த மதத்தையும் விசாரித்து வரவில்லை.

ஆனால் நாம் விசாரித்தோம். அலை வடிந்த சில வாரங்களிலேயே விளக்கங்கள் புறப்பட்டன. கடலோரத்துப் பாவங்களுக்குத் தண்டனை என்றார் ஒருவர். எங்கள் சுவர் மட்டும் இடியவில்லை என்றார் இன்னொருவர். கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிற் கோபுரம் சாய்ந்தபடி நின்றதைக் காட்டி ஒரு சாரார் பேசினர். நாவலடியில் ஒரு கிறிஸ்தவச் சிறுவர் இல்லத்தின் பிள்ளைகள் படகிலேறித் தப்பியதைக் காட்டி மற்றொரு சாரார் பேசினர். அந்தப் பிள்ளைகள் பிழைத்ததற்காக நானும் கடவுளுக்கு நன்றி சொல்லுகிறேன், சொல்லாமல் எப்படி? ஆனால் அதே நாவலடியில் பிழையாத பிள்ளைகளின் தாய்க்கு முன்னால் நின்று அந்தச் சாட்சியைச் சொல்ல எனக்கு நா எழாது. சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் அந்தத் தாயே படுவதில்லை.

லூக்கா சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை இவர்கள் படித்ததேயில்லையோ என்று ஐயுறுகிறேன். சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தார்கள். அவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் பெரிய பாவிகளோ என்ற கேள்வியை இயேசுவே எழுப்பி, இல்லை என்று தாமே மறுத்துவிடுகிறார். கேட்டவர்களைத் தம்மைத் தாமே நோக்கச் சொல்லுகிறார். இடிந்த கோபுரத்திலிருந்து இறந்தவனின் பாவத்தை அளக்கும் வேலையை நிறுவனரே தடை செய்துவிட்ட மார்க்கம் இது. அதன் பெயரால் கடலோரத்தில் நின்று பாவக்கணக்குப் பார்ப்பவனை என்னவென்று அழைப்பது? யோபுவின் நண்பர்களாவது ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டார்கள். நம்மவர்கள் ஏழு நிமிடங்கூடப் பொறுப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தாய் இருக்கிறார். ஊரும் பெயரும் வேண்டாம். 1990இல் போன மகன். சைவக் குடும்பம். உடல் கிடைக்கவில்லை, நாள் தெரியவில்லை. ஆகவே திதியும் கொடுக்க முடியவில்லை. ஆடி அமாவாசைக்கு ஊரே கடலுக்குப் போகும்போது, தந்தையைப் பறிகொடுத்த பேரனை அனுப்பினால் மகன் இறந்துவிட்டான் என்று தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அஞ்சி அனுப்பாமல் இருந்தவர். ஒரு பிரசங்கியார் வந்தார். நாற்பது நாள் உபவாசமிருந்து ஜெபித்தால் மகன் வருவான் என்றார். இவர் இருந்தார். மகன் வரவில்லை. "விசுவாசம் போதவில்லை, அம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். மகனை இழந்த குற்றமும் இப்போது இவர் தலையில்.

இந்த அநியாயத்துக்கு மதமாற்றத் தடைச் சட்டம் போடலாம் என்று கோருவோருக்கு என் மறுமொழி வேறு. 2004இல் ஜாதிக ஹெல உறுமய அவ்விதமான ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்பின் பத்தாம் உறுப்புரை தரும் மனச்சாட்சிச் சுதந்திரத்துக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் அந்த ஆண்டே தீர்மானித்தது. மசோதா சட்டமாகவில்லை. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தையும் 2004இல் அந்த அரசே திரும்பப் பெற்றது. ஒரு மனிதன் எதை நம்புகிறான் என்பதைப் பொலிஸ் நிலையத்தில் பதியச் சொல்லும் அரசு, ஒல்லாந்தன் வைத்திருந்த அதே பதிவேட்டைத்தான் மறுபடியும் திறக்கிறது. கிழக்கிலே சிறுபான்மைக்குள் சிறுபான்மையாய் வாழும் தமிழ்ச் சைவர்கள் இத்தகைய சட்டத்துக்குக் கைதட்டுவது, தம் தலைக்குத் தாமே கொள்ளி வைப்பதாகும்.

மேலும், மதம் மாறிய ஒவ்வொருவரையும் அரிசி மூட்டைக்கு விலைபோனவர் என்று ஏசுவது ஏழையை இழிவு செய்வதன்றி வேறில்லை. பணக்காரன் வேதம் படித்து மாறினால் அது தேடல்; தகர வீட்டுக்காரி மாறினால் அது அரிசி. ஏன் ஐயா, அவளுக்கு ஆன்மா கிடையாதா? அவளுக்கும் இரவில் உறக்கமின்றி எழும் கேள்விகள் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்திற் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் கிறிஸ்தவரானபோது அவருக்கு அரிசிக்குப் பஞ்சமில்லை. கம்பனில் ஊறிய தமிழை அவர் விட்டுவிடவுமில்லை. இரட்சணிய யாத்திரிகத்தில் அதையே கொண்டுபோய்ப் படைத்தார். மறுபுறம், காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். கிறிஸ்தவக் கல்வி அவரை மாற்றவில்லை. 1924இல் இராமகிருஷ்ண மிஷன் துறவியானார். இருவரும் தேடியவர்கள். தேடியவனைக் கண்டால் எந்த மதத்தானும் வணங்கத்தான் வேண்டும். நான் சண்டை பிடிப்பது தேட விடாமல் வாசலிலேயே சாமான் கொடுத்து அனுப்புகிறவனோடு.

சரி, நீ சொல்லும் நிறைவுதான் என்ன என்று கேட்பீர்கள். யோவான் சுவிசேஷத்தில் கிணற்றடியில் ஒரு பெண் வருகிறாள். நண்பகல் வெயிலில், தனியாக. தண்ணீர் தருவதாக இயேசு சொன்னதும், இனி இங்கே வந்து மொள்ள வேண்டியதில்லையே என்றுதான் அவள் முதலில் மகிழ்கிறாள். செழிப்புப் பிரசங்கியார் அந்த வரியோடு நிறுத்தி, குழாய்நீர் வந்துவிட்டது என்று அல்லேலூயா பாடிவிடுகிறார். கதை அங்கே நிற்கவில்லை. அவள் வாழ்வின் உண்மையை அவர் அவளுக்கு எடுத்துச் சொல்லுகிறார். சொல்லியும் அவளை விலக்கவில்லை. அவள் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள். குடம் நிறையவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் கண்ட நிறைவு இந்த மாதிரியானது. முழுதும் அறியப்பட்டிருக்கிறேன், ஆயினும் தள்ளப்படவில்லை என்ற ஒரு தெளிவு. அது கடனைத் தீர்க்காது. மகனைக் கொண்டுவராது. ஆனால் கடன்காரனாயிருந்தும், மகனை இழந்திருந்தும், மனிதனாய் நிற்க ஒரு தரை கொடுக்கும்.

அது எப்போதும் இனிக்கும் என்றும் எண்ணவேண்டாம். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது உலகம் திடுக்கிட்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், கல்கத்தாத் தெருக்களில் சாகக் கிடந்தவர்களைத் தூக்கிய அந்தக் காலமெல்லாம், உள்ளே கடவுளின் அருகாமையை அவர் உணரவில்லை என்பது அக்கடிதங்களால் தெரியவந்தது. நாத்திக நண்பர்கள் சிலர், பார்த்தாயா, அவரே நம்பவில்லை என்றனர். எனக்கோ அவர்மேல் இருந்த மதிப்பு அன்றுதான் இருமடங்காயிற்று. உணர்ச்சி வற்றிய பின்னும் விடியற்காலையில் எழுந்து போனாரே! நிலைத்த நிறைவு என்பதை உணர்ச்சியின் அளவுகோலால் அளக்கிறவர்கள் இதை எந்தக் கணக்கில் வைப்பார்கள்? 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதைத் தொகுத்தவர்கள் ஒரு நன்றிவரியை ஒட்டவைத்துச் சரிசெய்துவிடவில்லை.

இனி ஒன்று சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். நான் இவ்வளவு நேரம் ஏசிய அந்த எழுப்புதல் மரபைச் சேர்ந்த சபைகளுள் ஒன்றுதான் மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. குண்டைச் சுமந்து வந்தவன் அங்கே வெடித்தான். முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள் அவர்களுட் பலர். அன்று மட்டக்களப்பில் பழிவாங்கல் எழும் என்று கொழும்பிலிருந்து நாங்கள் பயந்தோம். எழுந்திருந்தால் அது தமிழ்–முஸ்லிம் ஊர்கள் சங்கிலியாய்க் கிடக்கும் கல்முனைக் கரைக்கு வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும்? அந்தச் சபையார், குண்டு வைத்தவர்களை மன்னிக்கிறோம் என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். பிள்ளைகளைப் புதைத்த கை காயுமுன். ஐந்தாம் நாள், ஏப்ரல் 26ஆம் திகதி, சாய்ந்தமருதில் ஒளிந்திருந்த குண்டுதாரிக் குடும்பங்களைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே.

சீயோன் சபையின் இசையும் கைதட்டலும் என் மெதடிஸ்தக் காதுக்கு இன்றும் ஒவ்வாது. ஆனால் அந்த மன்னிப்பை எந்தக் காணிக்கை விதைத்து அறுத்தார்கள்? ஆசீர்வாதக் கணக்கின்படி அன்று அவர்கள் எல்லாவற்றையும் இழந்தவர்கள். கணக்கு அவ்வளவில் தீர்ந்திருந்தால், அடுத்த ஞாயிறே சபை காலியாகியிருக்க வேண்டும், ஒல்லாந்தன் மண்டபங்கள் காலியானதுபோல. ஆகவில்லை. சுகமளிக்கும் கூட்டத்துக்கு விளம்பரம் எழுதுகிறவர்கள் ஒரு தடவையாவது மட்டக்களப்புக்குப் போய், அந்தத் தாய்மாரிடம் நிறைவு என்றால் என்னவென்று கேட்டுவிட்டு வந்து மேடை ஏறட்டும்.

அதுவரை அவர்களுக்குத் திருக்கோவிலில் வேறொரு வேலை இருக்கிறது. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் அம்பாறைக் கரையில் இன்றும் படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். பல தாய்மார் விடை தெரியாமலே இறந்துவிட்டார்கள். அடுத்த முறை அவர்கள் கூடும்போது, ஒலிபெருக்கியை வீட்டில் வைத்துவிட்டு, வேதப் புத்தகத்தை மூடிப் பையிற் போட்டுக்கொண்டு, போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். வெயில் கடுமையாக இருக்கும். யாரும் எதுவும் கேட்காவிட்டால் எதுவும் சொல்லவேண்டாம்.